செவலை பறித்த பூளைப்பூ

கொட்டாங்காட்டுப்புதூருக்கு வழி கேட்டால் அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள் முதலில் சிரிப்பார்கள், அப்புறம்தான் வழி சொல்வார்கள். பத்தொன்பது வீடு, ஒரு கிணறு, ஒரு பஸ். அந்த பஸ்ஸும் ஊருக்குள் வந்து பத்து நிமிஷம் நின்றுவிட்டு வந்த வழியே திரும்பிப் போய்விடும். அதைத் தாண்டிப் போவதற்கு அங்கே ஒன்றும் இல்லை.

அந்த ஊரில் சென்னியப்பன் என்று ஒருத்தன். வயசு நாற்பத்தைந்து. தான் ஒரு வடிகட்டின முட்டாள் என்பதில் அவனுக்கு எள்ளளவும் சந்தேகம் கிடையாது. "என்ற மண்டைக்குள்ள இருக்கறது களிமண்ணுங்க, அதுலயும் ஈரம் பத்தாது" என்று கேட்டவர்களிடமும் சொல்வான், கேட்காதவர்களிடமும் சொல்வான். அதனாலேயே சொந்தமாக ஒரு முடிவும் எடுக்க மாட்டான். ஊரில் இருந்த மூன்று புத்திசாலிகளைக் கேட்டுத்தான் எதையும் செய்வான். அவனுடைய கஷ்டமெல்லாம் அங்கேதான் ஆரம்பித்தது.

இப்போது அவனுக்கு வந்திருந்தது சாதாரணக் கஷ்டம் இல்லை. அவன் பொண்டாட்டி பாவாத்தாள் கார்த்திகை மாதமே கோபித்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். காரணம், போன வருஷம் தைப் பொங்கலுக்கு இவன் வீட்டு வாசலில் காப்புக் கட்ட மறந்துவிட்டான். அதற்குப் பிறகு கிணற்று மோட்டார் புகைந்தது, மாட்டுக்குப் பால் வற்றியது, அவளுக்குக் கால் சுளுக்கியது. எல்லாம் காப்புக் கட்டாத குற்றம்தான் என்று அவள் கணக்குப் போட்டாள். இவனும் ஆமாம் என்றான். ஆமாம் என்றதுக்கும் சேர்த்துத் திட்டு வாங்கினான்.

பொங்கல் நோம்பிக்கு நாலு நாள் முன்னால் பஸ் கண்டக்டரிடம் சேதி சொல்லி அனுப்பினாள். "காப்புக்கட்டு அன்னிக்கு அஞ்சரை மணி பஸ்ஸுல வருவேன். பஸ்ஸுல இருந்தே பார்ப்பேன். வாசல்ல பூளைப்பூ இருந்தா எறங்குவேன். இல்லீன்னா அதே பஸ்ஸுல திரும்பிப் போயிருவேன். அப்புறம் என்னைக் கூப்பிட யாரும் வர வேண்டாம்."

வெளியூர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். தை பிறப்பதற்கு முந்தின நாள்தான் காப்புக்கட்டு. அறுப்பு முடிந்து தானியம் வீடு வந்து சேர்ந்திருக்கும். வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ மூன்றையும் சேர்த்துக் கட்டி, பொழுது சாய்வதற்குள் வீட்டு வாசலில் செருகிவிட வேண்டும். அதற்கப்புறம் எந்தக் கெட்டதும் படியேறாது. வேம்பும் ஆவாரையும் எங்கே பார்த்தாலும் கிடக்கும். வெள்ளை வெள்ளையாகப் பஞ்சு மாதிரி பூக்கிற பூளைக்குத்தான் ஊரோரத்துக் கல்குன்றான கரட்டுப் பக்கம் போக வேண்டும்.

இத்தனை வருஷமும் பத்தொன்பது வீட்டுக்கும் பூளைப்பூ கொண்டுவந்து கொடுத்தது சந்தையூர் நாட்டு மருந்துக்கடை அங்காத்தாள். கொட்டாங்காட்டுப்புதூர் ஆட்களைப் பறிக்க விட்டால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். இந்த வருஷம் கடையில் ஏணியிலிருந்து விழுந்து காலில் மாவுக்கட்டோடு படுத்துவிட்டாள். காப்புக்கட்டு அன்று காலையில் நாலு பேர் அவள் கட்டிலைச் சுற்றி நின்றார்கள்.

சென்னியப்பன் ஒருத்தன். ஊர்த் தண்ணீர்த் தொட்டிக்கு இருபது வருஷம் குழாய் திறந்துவிட்ட பொங்கியண்ணன் ஒருத்தர். அந்த அனுபவத்தால் ஊரின் மூத்த புத்திசாலி. எதைச் சொன்னாலும் சந்தேகம் கேட்கிற ராக்கியப்பன் இரண்டாவது புத்திசாலி. யாரும் சொல்லி முடிப்பதற்குள் செய்து முடித்துவிடுகிற வையாபுரி மூன்றாவது.

"மழை பேஞ்சும் பேயாம போயிருச்சு. கரட்டடியில ஒரே ஒரு பாத்தி அகலத்துக்குத்தான் பூளை நிக்குது. அதை விட்டா இந்த வருஷம் பூவே கெடையாது" என்றாள் அங்காத்தாள். "மருந்துச் செடி பறிக்கறதுக்கு மொறை இருக்குது. சும்மா போய்ப் புடுங்கக் கூடாது. செடியைக் கேட்டுட்டுத்தான் பறிக்கோணும். உங்க நெழல் செடி மேல விழக் கூடாது. இரும்பு படக் கூடாது. பறிச்சதுக்கப்புறம் தரையில படக் கூடாது. இவ்வளவுதான். இதுக்கு மேலயும் ஒண்ணும் செய்யாதீங்க, கீழயும் ஒண்ணும் செய்யாதீங்க."

அவள் ஒன்றும் சொல்லாமல் விட்டிருந்தால் கால் மணியில் பறித்துக்கொண்டு வந்திருப்பார்கள். பாவம், அவளுக்கு வலி.

ஊர் திரும்பியதும் முதலில் இரும்பு. ராக்கியப்பன் இடுப்புச் சாவியை அவிழ்த்தான். இரும்பை எங்கே வைப்பது? பத்திரமாக வீட்டுக்குள்ளே வைத்துவிட்டு, அமுக்குப் பூட்டை அமுக்கிப் பூட்டிவிட்டு வந்தான். சென்னியப்பன் சட்டையில் பட்டன் இருந்த இடத்தில் ஊக்கு இருந்தது. சட்டையையே கழற்றிப் போட்டான். வையாபுரி யாரும் கேட்பதற்குள் செருப்பை வீசியிருந்தான், அதில் ஆணி இருக்குமோ என்று. அது ரப்பர் செருப்பு.

பொங்கியண்ணன் மட்டும் அசையாமல் நின்றார். முகம் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது.

"என்னுங்ணா?" என்றான் சென்னியப்பன்.

"காலையில கெவர்மெண்டு ஆஸ்பத்திரி மாத்திரை ஒண்ணு முழுங்கிப்போட்டனப்பா. ரத்தம் பத்தலைன்னு குடுத்தாங்க. நர்சம்மா என்ன சொன்னாங்க தெரியுமா? இதுல இரும்பு இருக்குதுன்னாங்க."

எல்லோரும் அவர் வயிற்றைப் பார்த்தார்கள்.

"அப்ப நீங்க செடியைத் தொடக் கூடாதுங்ணா" என்றான் ராக்கியப்பன்.

"தொடறதா? கிட்டயே வர மாட்டேன். பத்தடி தள்ளி நின்னு ரோசனை மட்டும் சொல்றேன்" என்றார் பொங்கியண்ணன். இவரல்லவா மனுஷன் என்று சென்னியப்பனுக்குக் கண் கலங்கியது. நம்மளா இருந்தா மாத்திரையை மறந்துபோட்டு நேரா போய்ச் செடியைப் புடிச்சிருப்போம், இதுதான் நமக்கும் அறிவாளிகளுக்கும் வித்தியாசம் என்று நினைத்துக்கொண்டான்.

கரட்டடிக்குப் போனபோது மணி பதினொன்று. பூளை பாத்தி முழுக்கப் பளிச்சென்று பூத்து நின்றது. வெயிலும் பளிச்சென்றுதான் இருந்தது. மூன்று பேருக்கும் முன்னால் மூன்று நிழல்.

"குடை புடிச்சா நம்ம நெழல் குடை நெழலுக்குள்ள போயிரும்" என்றான் ராக்கியப்பன்.

"குடைக் கம்பி இரும்பு" என்று பத்தடி தள்ளியிருந்து குரல் வந்தது.

"நெழல் கீழ விழறதே நாம நிக்கறதுனாலதானுங்ணா?" என்று சென்னியப்பன் தயங்கித் தயங்கிக் கேட்டான். "படுத்துக்கிட்டா?"

மூன்று புத்திசாலிகளும் அவனைத் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு முட்டாள் வாயிலிருந்து இப்படி ஒரு யோசனை வந்ததில் அவர்களுக்குக் கொஞ்சம் சங்கடம்தான். ஆனாலும் வையாபுரி அதற்குள் குப்புறப் படுத்திருந்தான். மற்ற இரண்டு பேரும் படுத்தார்கள். நெருஞ்சி முள்ளில் வயிற்றைத் தேய்த்துக்கொண்டு, முழங்கையால் உந்தி உந்தி, அரைமணி நேரத்தில் செடியைச் சுற்றி மூன்று தலையும் வந்து சேர்ந்தன. கரட்டு மேலே விறகு பொறுக்க வந்த ஒரு அம்மா இதைப் பார்த்துவிட்டு விறகை அப்படியே போட்டுவிட்டுப் போய்விட்டாள்.

"இப்ப கேளுங்கடா" என்றார் பொங்கியண்ணன்.

ராக்கியப்பன் தொண்டையைச் செருமிக்கொண்டான். "பூளை, உங்களைப் பறிச்சுக்கலாமுங்களா?"

பதில் இல்லை. மறுபடியும் கேட்டான். மறுபடியும் இல்லை.

"பேசாம இருந்தா சம்மதம்னுதான் அர்த்தம்" என்றான் வையாபுரி. "பொண்ணு பார்க்கப் போனா பொண்ணு வாயைத் தொறந்தா சரீங்குது? சும்மாதான் நிக்குது. பாக்கு வெத்தலை மாத்தறதில்லையா?"

"அது அப்பிடி இல்லீங்க பங்காளி" என்றான் சென்னியப்பன். "என்ற பொண்டாட்டியும் பேசாமத்தான் இருந்தா. நானும் சம்மதம்னு நெனச்சுத்தான் இருந்தேன். காலையில பார்த்தா பெட்டியோட பஸ்ஸுல உக்காந்திருக்கறா."

இது யாராலும் மறுக்க முடியாத நியாயமாக இருந்தது. அந்த நேரம் பார்த்துக் காற்று வீசியது. பூளை தலையை ஆட்டியது.

"ஆட்டுதுங்ணா!" என்று கத்தினான் வையாபுரி.

"எப்பிடி ஆட்டுது? மேலயும் கீழயுமா, அந்தப் பக்கம் இந்தப் பக்கமா?"

"அந்தப் பக்கம் இந்தப் பக்கமுங்ணா."

பொங்கியண்ணன் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "மாட்டேங்குது" என்றார்.

காத்திருந்தார்கள். மேலும் கீழுமாக ஆட்டுகிற காற்று ஒன்றாவது வராதா என்று பார்த்தார்கள். அன்றைக்கு வந்ததெல்லாம் பக்கவாட்டுக் காற்றுதான். பன்னிரண்டு, ஒன்று, இரண்டு. செடி மாட்டேன் மாட்டேன் என்று சொல்லிக்கொண்டே இருந்தது. முதுகு வெந்து, வயிறு முள்ளேறி, நாக்கு வறண்டு கிடந்தார்கள். அஞ்சரை பஸ் நினைவுக்கு வரும்போதெல்லாம் சென்னியப்பன் பொழுது எங்கே நிற்கிறது என்று அண்ணாந்து பார்த்துக்கொண்டான்.

கடைசியில் அவனே பேசினான். செடிக்குப் பக்கத்தில் கன்னத்தை மண்ணில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டான்.

"பூளையம்மா, நான் ஒரு மடையன். என்னைப் பார்த்து நீ ஒண்ணும் குடுக்க வேண்டாம். அவளைப் பார்த்துக் குடு. ரெண்டு மாசமா அவ இல்லாம வூடு வூடா இல்லை. திட்டறதுக்குக்கூட ஆளில்லாம நானே என்னைத் திட்டிக்கிட்டு இருக்கறேன், அவளாட்டம் வக்கணையாத் திட்ட வரமாட்டேங்குது. ஒரு கொத்துக் குடுத்தாப் போதும். பஸ்ஸை விட்டு எறங்கிருவா. பொறகு அவ சொல்றதையெல்லாம் கேட்டுக்குவேன்."

சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. அழுது முடித்துக் கண்ணைத் திறந்தான். செடி இருந்த இடத்தில் செடி இல்லை. இரண்டு குளம்பு இருந்தது. அண்ணாந்து பார்த்தான். அவன் வீட்டுச் செவலை ஆடு, கயிற்றை அறுத்துக்கொண்டு அவனைத் தேடி வந்து, பூளையின் கடைசிக் கொத்தை வாய்க்குள் இழுத்துக்கொண்டிருந்தது.

மற்ற இரண்டு பேரும் வெயிலில் கண்ணசந்திருந்தார்கள். பொங்கியண்ணன் பத்தடி தள்ளி வேப்பமரத்தடியில் நன்றாகவே தூங்கிக்கொண்டிருந்தார்.

"அய்யோ, போச்சே! என்ற குடியே போச்சே!" என்று சென்னியப்பன் போட்ட சத்தத்தில் எல்லோரும் எழுந்தார்கள். பாத்தியில் ஒரு இலைகூட மிச்சமில்லை. அவன் தலையில் அடித்துக்கொண்டு மண்ணில் புரண்டான்.

ராக்கியப்பன் ஆட்டையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான். "எனக்கு ஒரு சந்தேகம்" என்றான். "நாம காலையில இருந்து கேட்டும் குடுக்காத செடி, ஆட்டுக்கு எப்பிடிக் குடுத்துச்சு?"

"ஆடு கேட்டிருக்கும்" என்றான் வையாபுரி.

"கேட்டுச்சா சென்னியப்பா?"

சென்னியப்பன் மூக்கைச் சிந்தினான். "நான் கண்ணை மூடியிருந்தப்ப மேன்னு ஒரு சத்தம் வந்துச்சுங்க."

"அப்பக் கேட்டுட்டுத்தான் பறிச்சிருக்குது!" பொங்கியண்ணன் துள்ளி எழுந்தார். "இரும்பு பட்டுதா? படலை, பல்லுத்தான் பட்டுச்சு. உங்க நெழல் விழுந்துச்சா? விழலை, நீங்க படுத்துத்தான் கெடந்தீங்க. ஆட்டோட நெழலைப் பத்தி அங்காத்தா ஒண்ணும் சொல்லலை. அட, பூவை மொறைப்படி பறிச்சாச்சுடா! உள்ள இருக்குது, அவ்வளவுதான்!"

சென்னியப்பன் புரளுவதை நிறுத்தினான். நிஜமாகவா என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். மூன்று புத்திசாலிகளும் ஒரே மாதிரி தலையாட்டினார்கள், மேலும் கீழுமாக.

"ஆனா தரையில படக் கூடாதே" என்றான் ராக்கியப்பன்.

"ஆடு நிக்கறப்ப காலுதான் தரையில படுது. பூ வயித்துக்குள்ளயில்ல இருக்குது?"

"நிக்கறப்ப சரீங்ணா. அசை போடறதுக்குப் படுத்துச்சுன்னா?"

அவ்வளவுதான், வையாபுரி ஆட்டைத் தூக்கித் தோளில் போட்டிருந்தான். கழுத்து மணியின் நாக்கு இரும்பு என்று பொங்கியண்ணன் கண்டுபிடித்துச் சொன்னதும் மணியைக் கழற்றிப் புதருக்குள் எறிந்தார்கள். ஆளுக்கு அரை பர்லாங்காக மாற்றி மாற்றிச் சுமந்தார்கள். செவலை நல்ல கனம். இடுப்பொடியச் சுமந்து வந்த சென்னியப்பன் அதன் வயிற்றைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டே வந்தான். அவன் பொண்டாட்டி திரும்பி வருவது அதற்குள்ளேதான் இருந்தது.

வீட்டுக்கு வரும்போது மணி நாலரை. வாசற்படிக்கு மேலே தாழ்வாரத்தின் உத்திரத்தில் பாவாத்தாளின் பழைய சீலையைத் தூளியாகக் கட்டினார்கள். ஆட்டை அதற்குள் வைத்து, நாலு காலும் தலையும் வாலும் வெளியே வருகிற மாதிரி சரிசெய்தார்கள். ஒரு கொம்பில் வேப்பிலை, இன்னொரு கொம்பில் ஆவாரம்பூ. கயிற்றில் மஞ்சள் தடவினார்கள். செவலைக்கு இடம் பிடித்துப்போயிற்று. ஒய்யாரமாக அசை போட ஆரம்பித்தது.

"காப்புன்னா இது காப்பு" என்றார் பொங்கியண்ணன், பத்தடி தள்ளி நின்று.

அதற்குள் மற்ற பதினெட்டு வீட்டிலிருந்தும் ஆட்கள் வந்துவிட்டார்கள். எங்க வூட்டுப் பூ எங்கே என்று ஒரே சத்தம். ஆட்டைக் காட்டினார்கள். கூட்டம் ஆட்டைச் சுற்றி வந்து பார்த்தது. ஒரு ஆட்டைப் பத்தொன்பது வாசலில் எப்படிக் கட்டுவது என்பதுதான் கேள்வியே தவிர, ஆட்டைக் கட்டலாமா என்று ஒருத்தரும் கேட்கவில்லை. அந்த ஊர் ஆளுங்க அப்படி.

"வூட்டுக்கு ஒரு நாளுன்னு பத்தொம்போது நாளைக்கு மொறை வெச்சுக்கலாம்" என்றான் ராக்கியப்பன்.

"பொழுது சாயறதுக்குள்ள கட்டோணுமே, பத்தொம்போது நாள்ல எத்தனை தடவை பொழுது சாயும்!" என்றார் கூட்டத்தில் ஒருத்தர்.

இப்படி வாக்குவாதம் நடக்கும்போதே பஸ் வந்து திரும்பி நின்றது. படியில் ஒரு கையில் பெட்டியோடு பாவாத்தாள் நின்றாள். இறங்கவில்லை. வாசலைப் பார்த்தாள். கண்ணுக்கு மேலே கையை வைத்து மறுபடியும் பார்த்தாள்.

அந்த நேரம் செவலை வாலைத் தூக்கியது.

"வருதுங்ணா! பூ வருதுங்ணா!" என்று அலறினான் வையாபுரி.

"தரையில உடாதீங்கடா! புடிங்க, புடிங்க!" என்றார் பொங்கியண்ணன்.

ராக்கியப்பன் துண்டை விரித்தான். வையாபுரி வேட்டியை விரித்தான். பதினெட்டு வீட்டுக்காரர்களும் முறம், கூடை, சோறு வைக்கிற போசி என்று கைக்குக் கிடைத்ததை எடுத்துக்கொண்டு ஆட்டுக்குக் கீழே முண்டினார்கள். சென்னியப்பன் வெறும் உள்ளங்கை இரண்டையும் சேர்த்து ஏந்தினான். சூடாக ஏழெட்டுப் புழுக்கை வந்து விழுந்தது. அதைப் பிடித்தபடியே பஸ் பக்கம் திரும்பிக் கத்தினான்.

"அம்மிணி, பூளைப்பூ இருக்குது சாமி! சத்தியமா இருக்குது! கொஞ்சம் உள்ள இருக்குது, கொஞ்சம் கையில இருக்குது!"

"எறங்கறீங்களா இல்லீங்களா?" என்றான் கண்டக்டர்.

பாவாத்தாள் இறங்கினாள். பெட்டியைக் கையிலேயே வைத்துக்கொண்டு மெதுவாக நடந்து வந்தாள். கூட்டம் விலகியது. ஆட்டைப் பார்த்தாள், கொம்பைப் பார்த்தாள், தன்னுடைய சீலையைப் பார்த்தாள். கடைசியில் புருஷன் கையைப் பார்த்தாள். ஒரு புழுக்கையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்து, திருப்பித் திருப்பிச் சோதித்தாள்.

"பூளையை எப்பத் தின்னுச்சு?" என்றாள்.

"மூணு மணி இருக்கும், அம்மிணி."

"காலையில என்னத்தைத் தின்னுச்சு?"

"வூட்டுக்குப் பின்னால பொடக்காளியில சோளத்தட்டு."

"அப்ப இது சோளத்தட்டு" என்றாள் பாவாத்தாள். "மூணு மணிக்குத் தின்னது அஞ்சரைக்கே வருமா? நாளைக்காவது ஆகும், நாளன்னைக்காவது ஆகும். எல்லாரும் கையில இருக்கறதைக் கொட்டுங்க. வூட்டு வாசல்ல சோளத்தட்டைக் கட்டிப்போட்டு, காப்புன்னு சொல்லப் பார்த்தீங்களா?"

பொங்கியண்ணன் தலைப்பாகையை அவிழ்த்தார். இருபது வருஷம் குழாய் திறந்தும் இந்த விஷயம் தனக்குத் தோன்றவில்லையே என்று வெட்கப்பட்டார். இப்படி ஒரு மூளைக்காரியைப் போயா இத்தனை நாள் அண்ணன் வீட்டில் விட்டுவைத்தோம் என்று சென்னியப்பனுக்கு நெஞ்சு பொங்கியது.

பஸ் ஹாரன் அடித்தது. அவன் அவளுக்கும் பஸ்ஸுக்கும் நடுவில் போய் நின்றான். "அப்ப, அம்மிணி, திரும்பிப் போறியா?"

"போறதாவது? நான் போயிட்டா இவனுக மொதப் பூவை அள்ளிக்கிட்டுப் போயிர மாட்டானுகளா? நீங்க போங்க கண்டக்டரு. உள்ள இருக்கற பூளை வந்து சேர்ற வரைக்கும் நான் இந்த வாசலை விட்டு நகர்றதா இல்லை." சொல்லிவிட்டு ஆட்டுக்கு நேர் கீழே படியில் உட்கார்ந்து முந்தானையை அகலமாக விரித்துக்கொண்டாள். அவளுக்குப் பின்னால் பதினெட்டு வீட்டுக்காரர்களும் வரிசையாகச் சட்டிபானையோடு உட்கார்ந்தார்கள். பஸ் போய்விட்டது.

அவள் அந்தப் பக்கம் யாரையோ தள்ளி உட்காரச் சொல்லித் திட்டிக்கொண்டிருந்தபோது, சென்னியப்பன் சத்தமில்லாமல் உரல் மேலே ஏறினான். தூளியைப் பிடித்துக்கொண்டு செவலையின் காதுக்குள் வாயை வைத்தான்.

"தாயி, உனக்குக் கோடிப் புண்ணியம். அவசரப்படாதே. எப்பிடியாவது சித்த அடக்கிக்க. பங்குனி வரைக்கும் அடக்கினாக்கூடப் போதும்."